மேடை வேண்டாம், ஏழாவது பீரியட் வேண்டும் என்கிறாள் மகள். என்ன செய்யலாம்?

பொன்மலைக்காரன் | மே 11, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிறவன்தான், எழுதுவது இதுவே முதல் தடவை. விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கிறது. பதினோரு வயதில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்று வரை போனாள். எந்தச் சேனல், எந்த வருடம் என்று கேட்காதீர்கள், அவள் பெயர் இங்கே வர வேண்டாம். அன்றிலிருந்து கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா என்று ஓடுகிறது. சிங்கப்பூருக்கு இரண்டு முறை போய் வந்தோம். ஆடி மாதம் வந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடம் பெயருக்கு இருக்கிறது. போன வருடம் எத்தனை நாள் போனாள் என்று எண்ணிப் பார்த்தேன், எழுபதுகூடத் தேறவில்லை.

ஜூனில் பத்தாம் வகுப்பு. நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர், "பேசாமல் திறந்தநிலைப் பள்ளியில் போட்டுவிடுங்கள் சார், பரீட்சை மட்டும் எழுதினால் போதும்" என்கிறார். எனக்கும் மனைவிக்கும் சரி என்றே பட்டது. மகளிடம் சொன்னோம். அழவில்லை, சண்டை போடவில்லை. "அப்பா, எனக்கு ஏழாவது பீரியட் வேணும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் சொக்குகிற நேரத்தில், ஃபேன் சத்தத்துக்கு நடுவே டீச்சர் ஏதோ நடத்திக்கொண்டிருக்க, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பக்கத்துப் பெண்ணோடு எழுதி எழுதிப் பேசிக்கொள்வார்களாம். தோழி சொல்லித்தான் இவளுக்கே தெரியும். பள்ளிக்குப் போகிற நாளிலும் இரண்டு மணிக்கெல்லாம் பைக்கில் போய் நான் கூட்டி வந்துவிடுவேன், பாட்டு வகுப்போ ரிகர்சலோ இருக்கும்.

கேட்டபோது சிரிப்பு வந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொன்றையும் மறைக்கவில்லை, இவள் வருமானத்தை நம்பித்தான் வீடு வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பிள்ளை வைத்திருப்பவர்கள், ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.


புளியோதரை | மே 11, இரவு 10.52

ஏழாவது பீரியடுக்கு ஏங்குகிற ஒரு ஜீவன் தமிழ்நாட்டில் இருக்கிறதே! எங்களுக்கெல்லாம் அது கணக்கு, சார்.


ஊசிப்பட்டாசு | மே 11, இரவு 11.15

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொன்மலை சார். என் மகன் இந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு முடித்தான். காலை ஏழே முக்காலுக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறரை வரை பள்ளி, வந்து ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு டியூஷன். பி.டி. பீரியடில் கணக்கு நடத்துவார்கள், ஓவியப் பீரியடில் அறிவியல் டெஸ்ட். ஒரு வருடமாக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. உங்கள் மகள் ஏங்குவது சினிமாவில் வருகிற பள்ளிக்கூடத்துக்கு. அப்படி ஒன்று இப்போது கிடையாது.

அவளுக்குக் கிடைத்த மேடைக்காக எத்தனை பிள்ளைகள் ஏங்குகிறார்கள்? இன்றைக்கு விட்டால் அடுத்த வருடம் வேறு பாப்பா வந்துவிடும். பரீட்சையை எப்போது வேண்டுமானாலும் தனித்தேர்வராக எழுதலாம். வயிறு நிறைந்தவர்களுக்கு வருகிற ஏக்கம் இது.


பர்மிங்காம் பாலன் | மே 12, அதிகாலை 3.05

ஊசிப்பட்டாசு அண்ணா, பாதி சரியாகச் சொன்னீர்கள். மற்றப் பாதிக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியின் கதை இருக்கிறது. பிறந்தது பாகிஸ்தானின் சுவாத்தில் என்றாலும் பள்ளிக்கூடம் முடித்தது இங்கே பர்மிங்காமில்தான்.

பெண் பிள்ளைகளின் படிப்புக்காகப் பேசிய மலாலாவைத் தாலிபான்கள் சுட்டது 2012 அக்டோபர் 9. பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளி வாகனத்தில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள், வயது பதினைந்து. ஆறாம் நாள் இங்கே குயின் எலிசபெத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த பெப்ரவரி தொடக்கத்தில் மண்டையோட்டில் டைட்டேனியம் தகடும், கேட்காமல் போன காதுக்குக் கருவியும் வைத்தார்கள். மார்ச் 19ஆம் திகதி பையைத் தோளில் போட்டுக்கொண்டு எட்ஜ்பாஸ்டன் பெண்கள் பள்ளிக்குப் போய்விட்டாள். தகடு வைத்து ஏழு கிழமைகூட ஆகவில்லை. தன் கனவு நிறைவேறிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னாள். உலகமே அவளைத் தெரிந்துவைத்திருந்த நேரத்தில் அவளுடைய கனவு, பள்ளிக்கூடம் திரும்புவதுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்த வருடம் நடந்தது. 2014 அக்டோபர் 10 காலை, நோபல் பரிசு அறிவிக்கிறார்கள். பிள்ளை இரசாயனவியல் வகுப்பில் இருக்கிறாள், மின்பகுப்புப் பாடம். கையில் கைபேசி இல்லை. ஆசிரியர் வந்து சொல்லித்தான் தெரியும். பதினேழு வயது, அந்த வயதில் அதற்கு முதல் யாரும் நோபல் வாங்கியதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை என்றால் என்ன செய்திருப்போம்? கார் அனுப்பிக் கூட்டி வந்திருப்போம். அவளுக்கு அடுத்த பாடம் பௌதிகம், போய் உட்கார்ந்தாள். பிறகு ஆங்கில வகுப்புக்கும் போனாள். பள்ளி முடிந்த பிறகுதான் மேடைக்கு வந்து உலகத்துக்கு நன்றி சொன்னாள்.

மறு வருடம் ஜி.சி.எஸ்.இ. சோதனை (இங்கத்தைய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதி ஆறு பாடத்தில் ஏ ஸ்டார், நான்கில் ஏ எடுத்தாள். 2017 ஜூலை 7 அவளுடைய பள்ளியின் கடைசி நாள். ட்விட்டரில் தன் பெயரில் வந்ததும் அதே நாள்தான். அவ்வளவு பெரிய பெயர், பள்ளி மணி கடைசியாக அடிக்கும் வரைக்கும் அந்தக் கதவைத் திறக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம். 2009 ஜனவரியில் சுவாத்தில் தாலிபான்கள் பெண் பிள்ளைகளின் பள்ளிகளை மூடச் சொன்ன நாட்களில், சீருடை போடாமல் வரும்படி பள்ளியில் சொன்னார்கள். தனக்குப் பிடித்த இளஞ்சிவப்பு உடையைப் போட்டுக்கொண்டு போனதாக பிபிசி உருதுவில் புனைபெயரில் வந்த நாட்குறிப்பில் அவள் எழுதியிருந்தாள். சீருடை வேண்டாம் என்றால் எங்கள் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். அந்தப் பிள்ளைக்கு வர்ண உடுப்புப் போட்ட நாள்தான் பயமான நாள்.


ஊசிப்பட்டாசு | மே 12, காலை 8.20

பாலன் தம்பி, நல்ல கதை. ஆனால் எட்ஜ்பாஸ்டன் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அந்தப் பிள்ளை ஏங்கியதும் உயிரைப் பணயம் வைத்த படிப்புக்கு. கடைசிப் பக்கத்தில் கிறுக்கி விளையாடுவதை அதோடு சேர்க்கலாமா?


பர்மிங்காம் பாலன் | மே 12, பகல் 1.30

தனியார் பள்ளிதான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணா, படிப்பு மட்டும் வேண்டும் என்றால் அவளுக்கு வீட்டுக்கே ஆசிரியர் வைத்திருக்கலாமே. செலவழிக்க ஆளா இல்லை? வகுப்பில் முப்பது பேரில் ஒருத்தியாக இருப்பதற்கு ஆசிரியரைக் கூலிக்கு அமர்த்த முடியாது.


புளியோதரை | மே 12, பகல் 1.44

இதற்கு நேரெதிர்க் கேஸ் ஸ்வீடனில் இருக்கிறது. கிரேட்டா துன்பெர்க் 2018 ஆகஸ்ட் 20 அன்று பள்ளிக்குப் போகாமல் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கச் சொல்லி நாடாளுமன்ற வாசலில் அட்டையோடு உட்கார்ந்தே உலகப் புகழ் பெற்ற பெண். பதினைந்து வயது. அப்புறம் ஒரு வருடம் படிப்புக்கு விடுமுறை போட்டு, பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐ.நா.வில் பெரியவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். 2020 ஆகஸ்டில் என்ன போட்டாள் தெரியுமா? விடுமுறை முடிந்தது, மறுபடி பள்ளிக்கு வந்தது நன்றாக இருக்கிறது என்று, பையை மாட்டிக்கொண்டு ஒரு படம். கட் அடித்துப் பெயர் வாங்கியவளுக்கே பள்ளி வேண்டியிருக்கிறது, சார்.


பழைய கால்ஷீட் | மே 12, இரவு 11.58

ரொம்ப நேரம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் ஒன்பது வயது முதல் பதின்மூன்று வரை சென்னையில் சீரியலில் நடித்தேன். இப்போது வயது முப்பத்தி நாலு, கணினி வேலை. அந்த நாலு வருடத்தில் தெருவில் போனால் கன்னத்தைக் கிள்ளாத ஆள் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, கதையில் வருகிற பெயர்தான்.

ஏழு மணி கால்ஷீட் என்றால் ஐந்தரைக்கு வண்டி வரும். தலை பின்னுகிற அக்கா மடியிலேயே தூங்கியிருக்கிறேன். லைட்டிங் மாற்றுகிற இடைவெளியில் ஹோம்வொர்க் செய்வேன், ஷாட் ரெடி என்றால் பென்சிலை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் அழ வேண்டும். நன்றாக அழுவேன். வசனத்தை உதவி இயக்குநர் அண்ணா பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுப்பார், அவர்தான் வாய்ப்பாடும் சொல்லிக்கொடுத்தார். கெட்டவர்கள் யாருமில்லை. எல்லோரும் செல்லம்தான் கொடுத்தார்கள். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்படிக் கதை சொன்னால் உடனே யாரோ கொடுமை செய்தார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பள்ளியில் எனக்கு ரொம்ப உதவி செய்தார்கள். வராத நாளுக்கும் வருகை போட்டார்கள். பல வருடம் கழித்து ஒரு சான்றிதழுக்காகப் போனபோது பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்பில் இருநூறு நாளுக்கு மேல் நான் வந்திருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு நாற்பது நாள். அந்த நீல மையில் எழுதிய "வ" எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றேன். மீதி நூற்றறுபது நாள் யார் அந்த பெஞ்சில் உட்கார்ந்தது? அந்தப் பெண்ணைப் பார்த்தால் கேட்க நிறைய இருக்கிறது.

பதின்மூன்றில் உயரமாகிவிட்டேன். குழந்தையும் இல்லை, கதாநாயகியும் இல்லை. சீரியலில் என்னை ஹாஸ்டலுக்கு அனுப்புவதாக வசனம் வைத்து முடித்துவிட்டார்கள். உண்மையில் நான் போனது ஒன்பதாம் வகுப்புக்கு. அங்கே எல்லோருக்கும் ஒரு பழைய ஜோக் தெரிந்திருந்தது. யாரோ ஆறாம் வகுப்பில் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து உடைத்த கதை. "நாற்காலி" என்ற வார்த்தை எங்கே வந்தாலும் வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஷூட்டிங்கில் பழகின சிரிப்பு, கண்டுபிடிக்க முடியாது.

நான்கு வருடம் முன்பு வாட்ஸப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். யாரோ ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவைப் போட்டார்கள். "இதில் நீ எங்கடி?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் போடுவதற்குள் இன்னொருத்தி போட்டாள்: "அவ அன்னைக்கு டிவில இருந்தா."

பொன்மலை சார், பாடத்தை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம், நான் படித்தேன். நாற்காலி ஜோக்கைத் தனித்தேர்வராக எழுத முடியாது.


நாலாவது பெஞ்சு | மே 13, காலை 7.10

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டுமே என்பதற்காக: ஸ்ரீதேவி நாலு வயதில் 1967இல் திரைக்கு வந்தவர். 1976இல் பாலசந்தர் படத்தில் கமலுக்கும் ரஜினிக்கும் நடுவே கதாநாயகியாக நின்றபோது வயது பதின்மூன்று. எட்டாம் வகுப்பு வயது! பள்ளி, கல்லூரி வாழ்க்கையை இழந்துவிட்டேன் என்று பின்னாளில் பேட்டியில் சொன்னவர், அதே மூச்சில், குழந்தை நட்சத்திரத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் நேராகக் கதாநாயகி ஆனதையும், அதை நினைத்து உட்கார நேரமில்லாமல் போனதையும் நன்றியோடுதான் சொன்னார். அதனால் ஏங்குகிற எல்லோரும் வருத்தத்தில் கிடக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் போல.

இதில் உறுத்துவது வேறு. பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கதாநாயகியாகப் பார்த்துக் கைதட்டினோமே, நம்மில் எத்தனை பேர் அன்றைக்கு அவர் எந்த வகுப்பு என்று யோசித்தோம்? என் அப்பாவிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல யாருடா வயசு பாத்தா" என்றார்.


கறுப்புக்கோட்டு | மே 13, இரவு 9.30

பொன்மலை அவர்களே, உங்கள் பதிவில் "வருமானத்தை நம்பி முன்பணம்" என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். அறிவுரை சொல்ல வரவில்லை, சட்டம் சொல்கிறேன்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தியபோது, பதினான்கு வயது நிறையாத பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை முழுக்கத் தடை செய்தார்கள். குடும்பத் தொழிலில் உதவுவதையும் கலைஞராகப் பங்கேற்பதையும் மட்டும் நிபந்தனையோடு விட்டார்கள். அந்த நிபந்தனைகள் 2017 விதிகளில் இருக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, பள்ளிப் பாடம் அறுந்துபோகக் கூடாது. படம் எடுப்பவரோ நிகழ்ச்சி நடத்துபவரோ மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அதன் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போக வேண்டும், வயது வந்த பிறகு அதன் கைக்குத்தான். இன்னொரு விதியை யாரும் படிப்பதே இல்லை: பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது.

உங்கள் மகளுக்கு இப்போது பதினான்கு தாண்டிவிட்டது, அதனால் இந்த விதிகள் இனி அவளுக்குப் பொருந்தாது. ஆனால் பதினோரு வயது முதல் பதினான்கு வரை பொருந்தின. அந்த 20 சதவீதம் எங்கே இருக்கிறது? பதிலை இங்கே எழுத வேண்டாம்.

இந்தப் பணப் பிரச்சினை நூறு வருடப் பழசு. ஊமைப்படக் காலத்தில் ஜாக்கி கூகன் என்ற பையன் ஹாலிவுட்டில் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். வளர்ந்து கேட்டபோது அம்மாவும் மாற்றாந்தந்தையும் கையை விரித்தார்கள். 1938இல் வழக்குப் போட்டு, கடைசியில் மிஞ்சியது ஒன்றேகால் லட்சம் டாலர் சொச்சம். அதன் பிறகே 1939இல் கலிபோர்னியாவில் அவன் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது.

இன்னொரு ஹாலிவுட் குழந்தை நட்சத்திரமான ஷெர்லி டெம்பிளுக்கும் இதே கதைதான், முப்பத்தி இரண்டு லட்சம் டாலரில் மிச்சம் நாற்பத்தி நாலாயிரம். அந்தப் பெண் ஸ்டுடியோ வளாகத்துக்குள்ளேயே ஆசிரியை வைத்துத் தனியாகப் படித்தது. வயதைக்கூட ஒரு வருடம் குறைத்துச் சொல்லி வளர்த்தார்கள், அதற்கே தன் உண்மை வயது தெரியாது. 1940இல், பன்னிரண்டு வயதில், ஸ்டுடியோ ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் மற்றப் பெண்களோடு ஒரு பள்ளியில் போய்ச் சேர்ந்தது. 1945இல் அங்கேயே படிப்பை முடித்தது. பின்னாளில் கானாவுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனவர் அவர்தான். பள்ளிக்குப் போனதால் தூதர் ஆனார் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்குப் போனதால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அவ்வளவுதான்.


64 கட்டம் | மே 14, காலை 6.45

திறந்தநிலைப் பள்ளியை எல்லோரும் வில்லனாக்கிவிட்டீர்கள். என் மகள் மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறாள், எங்கள் வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். குகேஷ் நாலாம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரான அப்பா தன் வேலையை விட்டுவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போனார். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அந்த வீட்டில் பள்ளியை விட்டதைத் தப்பு என்று யார் சொல்வது?

பிரக்ஞானந்தா கதை வேறு. 2022 மே மாதம் இணையவழிப் போட்டியில் அனிஷ் கிரியை அரையிறுதியில் வென்று முடிக்கும்போது நம் ஊரில் நேரம் அதிகாலை இரண்டு. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று பேட்டியில் சொல்கிறான் பையன். பதினோராம் வகுப்புத் தேர்வு! உலகமே அவனைப் பற்றிப் பேசுகிறது, அவன் தூங்க எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறான். அந்தப் பேட்டியை என் மகளுக்கு எத்தனை தடவை காட்டியிருப்பேன்! (அவள் எடுத்துக்கொண்ட பாடம், இரண்டு மணி வரை முழித்திருக்கலாம் என்பது.)

ஒருவன் பள்ளியை விட்டான், ஒருவன் விடவில்லை. இரண்டு பேருமே ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் செஸ்தான் வேண்டும் என்பார்கள். சார், உங்கள் மகள் சும்மா இருக்கும்போது பாடுகிறாளா? குளிக்கும்போது, துணி மடிக்கும்போது? அதைக் கவனித்தீர்களா?


பொன்மலைக்காரன் | மே 14, இரவு 11.20

64 கட்டம் சார் கேட்டதிலிருந்து இன்று முழுக்கக் கவனித்தேன். பாடவில்லை. மனைவியிடம் கேட்டேன். "ஒரு வருஷமா பாடல, நீங்க இப்பதான் பாக்கறீங்களா" என்றாள்.

வக்கீல் சாருக்கு: நீங்கள் சொன்ன மாதிரி பதிலை இங்கே எழுதவில்லை.


ஓய்வுபெற்ற டீச்சர் | மே 15, மாலை 4.15

முப்பத்தொரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் இருந்தவள் நான். உங்கள் மகள் மாதிரி இரண்டு பேர் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், தம்பி. பள்ளியும் லேசில் அந்தப் பெண்ணைச் சும்மா விடாது.

முதல் நாளே தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு வரி பாடச் சொல்வார்கள். ஆசிரியர்களே செல்ஃபி எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், என் மருமகளுக்கு அனுப்பத்தான். அடுத்த சேர்க்கைக்கு வாசல் ஃப்ளெக்ஸில் நல்ல மார்க் வாங்கின பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இவள் முகம் வரும். ஆண்டு விழாவில் மற்றப் பிள்ளைகள் மூன்று வாரம் ஒத்திகை பார்த்துக் கூட்டமாக ஆடுவார்கள், இவளைத் தனியாக நிறுத்திப் பாட வைப்பார்கள். அப்புறம் அது எப்படி சாதாரணப் பள்ளி?

அதனால் வகுப்பு ஆசிரியரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் போங்கள். வராத நாளுக்கு ஆப்சென்ட் போடச் சொல்லுங்கள், முதலில் இதைக் கேளுங்கள். சொன்னால் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் எல்லோரும் எதிர்த் திசையில்தான் கேட்டு வருவார்கள். போட்டோ கூடாது என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் மொய்ப்பார்கள். மூன்றாவது வாரம் யாருக்காவது பொறாமை வந்து "பெரிய இவ" என்பார்கள், அன்றைக்கு அழுதுகொண்டு வருவாள். நீங்கள் பள்ளிக்கு ஓடாதீர்கள். தீபாவளிக்குள் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பிரபலம் சீக்கிரம் அலுத்துப்போகும், பெரியவர்களுக்குத்தான் அலுப்பதில்லை.

கணக்கில் தோற்பாள். மூன்று வருடப் பாடம் போயிருக்கிறது, ஒரு மாதத்தில் வராது. காலாண்டில் முப்பது, நாற்பது வாங்கினால் வீட்டில் யாரும் "மேடையிலாவது இருந்திருக்கலாம்" என்று வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

பழைய கால்ஷீட் அம்மா, அந்த நூற்றறுபது நாளைப் படித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது. நானும் அப்படி நீல மையில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தோம்.


பழைய கால்ஷீட் | மே 15, இரவு 10.02

டீச்சர், உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. எங்கள் டீச்சர் மேலும் இல்லை. அந்த வருகை இல்லாவிட்டால் நான் எட்டாம் வகுப்புக்கே போயிருக்க மாட்டேன், அதுவும் உண்மைதானே.


ஊசிப்பட்டாசு | மே 15, இரவு 10.30

நான் முதலில் எழுதியது கொஞ்சம் கடுமைதான். "வயிறு நிறைந்தவர்கள்" என்றதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை. பள்ளியும் பிள்ளையைப் பிழிகிறது, மேடையும் பிழிகிறது.


பொன்மலைக்காரன் | அக்டோபர் 6, இரவு 9.15

இழையை மறுபடி மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். பலர் தனிச் செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன்.

ஜூனில் பழைய பள்ளிக்கே அனுப்பினோம். டீச்சரம்மா சொன்ன மாதிரியே வகுப்பு ஆசிரியரைப் பார்த்து ஆப்சென்ட் போடச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகளில் ஐந்தை ரத்து செய்தோம், மூன்றுக்கு முன்பணத்தைத் திருப்பினோம். இரண்டு பேர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும், அதுவும் அவள் சரி என்றால். ஆகஸ்டில் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டோம். வங்கிக்குப் போய் அவள் பெயரில் வைப்புப் போட்டேன். இருந்திருக்க வேண்டிய தொகை இல்லை, தொடங்கியிருக்கிறேன்.

வீடு போயிற்று. புரோக்கர் முன்பணத்தில் பாதிதான் திருப்பித் தந்தார். வாடகை வீட்டிலேயே இருக்கிறோம்.

மூன்றாவது வாரம் என்று டீச்சர் சொன்னது இரண்டாவது வாரமே நடந்தது. அழுதாள். நான் பள்ளிக்கு ஓடவில்லை, பைக் சாவியை மனைவி ஒளித்து வைத்திருந்தாள். காலாண்டில் கணக்கு முப்பத்தி எட்டு. அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, டீச்சர், விழுங்கிவிட்டேன்.

போன மாதம் காலை வழிபாட்டில் பாடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தனியாக முடியாது, கூட நாலு பேர் நின்றால் வருகிறேன் என்றிருக்கிறாள். ஏதோ ரசீதுக்காக அன்றைக்கு நான் பள்ளிக்குப் போயிருந்தேன், கேட்டுக்கு வெளியே நின்று கேட்டேன். ஐந்து பேர், ஒரு மைக். இரண்டு பேர் சுருதி விலகிப் பாடினார்கள். அதில் என் மகள் குரல் எது என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்தாள். பாட்டா, மனப்பாடச் செய்யுளா என்று தெரியவில்லை. கேட்கவில்லை.


64 கட்டம் | அக்டோபர் 6, இரவு 9.31

கேட்காதீர்கள், சார்.


புளியோதரை | அக்டோபர் 6, இரவு 9.40

எல்லாம் சரி, முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. இந்த வருட டைம்டேபிளில் ஏழாவது பீரியட் என்ன?


பொன்மலைக்காரன் | அக்டோபர் 6, இரவு 9.44

வாரத்தில் நாலு நாள் கணக்கு.